தட்டு யார் கையில்? சிலிக்கானும் நொடியில் மறையும் துகள்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு ஓட்டத்தை அப்படியே வைத்து, வாசிப்புக்காகச் சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

திருச்சியில இருந்து பேசுறோம், அதனால திருச்சியில இருந்தே ஆரம்பிச்சுடலாம்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தோட உயரம் 236 அடி. கீழே நின்னு மேல ஒரு டார்ச் அடிக்கிறீங்கன்னு வைங்க. வெளிச்சம் உச்சிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கி, அதுல ஒரு துண்டை எடுத்து, அதையும் நாலா வெட்டினா ஒரு பங்கு. அவ்வளவுதான். நம்ம கணக்குல அது நேரமே இல்லை.

இப்போ பி மீசான் என்று ஒரு துகள் இருக்கு. அது பிறந்து, வாழ்ந்து, உடைஞ்சு போறதுக்குள்ள அந்த வெளிச்சம் ராஜகோபுரத்துல அரை மில்லிமீட்டர்கூட ஏறியிருக்காது. ஒரு விநாடியை லட்சம் கோடியா உடைச்சா, அதுல ஏறக்குறைய ஒன்றரைத் துண்டு. அதுதான் பி மீசானோட சராசரி ஆயுள்.

ஆனா அந்த ஆயுளை மனுஷங்க அளந்திருக்காங்க. ரொம்பத் துல்லியமா அளந்திருக்காங்க. எப்படி? கடிகாரத்தை வச்சு இல்லை. தூரத்தை வச்சு. துகள் எவ்வளவு தூரம் போய் உடைஞ்சதுன்னு தெரிஞ்சா, என்ன வேகத்துல போச்சுன்னும் தெரிஞ்சா, எவ்வளவு நேரம் இருந்ததுன்னு கணக்குப் போட்டுடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

சிக்கல் என்னன்னா, அந்தத் தூரம் தலைமுடியின் தடிமன் அளவுல இருக்கும். அதை அளக்க ஒரு தட்டு வேணும். முதல்ல அது போட்டோ தட்டு. அப்புறம் சிலிக்கான் தட்டு. இன்னைக்கு நாம பேசப்போறது அந்தத் தட்டோட வரலாறு. இன்னும் சரியாச் சொன்னா, அந்தத் தட்டு யார் கையில இருந்தது, யார் கையில இல்லை என்கிற வரலாறு.

ஏழு மதிலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத ஆளும்

முதல்ல, இந்த டிடெக்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். இதுக்கு ஸ்ரீரங்கத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோயிலுக்கு ஏழு பிராகாரம். வெளியில அடையவளஞ்சான், அதுக்குள்ள சித்திரை வீதி, அதுக்குள்ள உத்திர வீதி, இப்படி ஒன்றுக்குள் ஒன்றா மதில்கள். ஒரு கற்பனை பண்ணுங்க. நடு ராத்திரி, முழு இருட்டு. ஒவ்வொரு மதிலுக்கும் ஒரே ஒரு திறமைதான் உண்டு. யாராவது தன்னைக் கடந்து போனா, "இந்த இடத்துல ஒருத்தர் கடந்தார்" என்று ஒரு புள்ளி வைக்கும். யார், எப்படி இருந்தார், எதுவும் அதுக்குத் தெரியாது. வெறும் புள்ளி.

நடுவுல இருந்து ஒரு கூட்டம் நாலா பக்கமும் நேர்கோட்டுல ஓடுது. காலையில நீங்க வந்து ஏழு மதில்லயும் இருக்கிற புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுறீங்க. பெரும்பாலான கோடுகள் பின்னாடி நீட்டினா ஒரே மையத்துல போய்ச் சேருது. சரி, அங்கிருந்துதான் எல்லாரும் கிளம்பியிருக்காங்க. ஆனா மூணு கோடு மட்டும் மையத்துல சேரலை. மையத்துக்குப் பத்தடி தள்ளி, வேற ஒரு இடத்துல அந்த மூணும் சந்திக்குது.

அதுக்கு என்ன அர்த்தம்? மையத்துல இருந்து யாரோ ஒருத்தர் கிளம்பி, பத்தடி நடந்து, அங்கே மூணு பேராப் பிரிஞ்சு போயிருக்கார். அந்த ஒருத்தர் எந்த மதிலையும் தொடவே இல்லை. அவரை யாரும் பார்க்கவே இல்லை. ஆனா அவர் இருந்தார் என்பதும், எவ்வளவு தூரம் நடந்தார் என்பதும் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.

கொலைடர்ல நடக்கிறது இதுதான். நடுவுல மோதல். சுத்தி வளையம் வளையமா சிலிக்கான் மதில்கள். ஒவ்வொரு மதிலும் மூணுல ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன். மேல மெல்லிய கோடு கோடா நூற்றுக்கணக்கான பட்டைகள். மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று உள்ளே புகுந்து போனா, போற வழியில சிலிக்கான்ல இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களை இடம்பெயர வைக்கும். சிலிக்கான் மேல ஏற்கனவே மின்னழுத்தம் கொடுத்து வச்சிருப்பாங்க. அதனால அந்த எலக்ட்ரான்கள் பக்கத்துல இருக்கிற பட்டைக்கு ஓடும். எந்தப் பட்டையில துடிப்பு வந்ததோ, அங்கதான் துகள் கடந்தது. உங்க போன் கேமராவுக்குள்ள இருக்கிறதும் சிலிக்கான்தான். அது வெளிச்சத்தைப் பிடிக்குது, இது துகளைப் பிடிக்குது.

திருவானைக்காவலில் பிறந்தவர்

ஸ்ரீரங்கம் தீவுலயே, கோயில்ல இருந்து நடந்து போற தூரத்துல திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சி.வி.ராமன் பிறந்த ஊர். அப்பா சந்திரசேகர ஐயர் பள்ளி ஆசிரியர். ராமன் சின்னப் பையனா இருக்கும்போதே குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் போயிடுச்சு. அதனால திருச்சி அவரை விஞ்ஞானி ஆக்கியதுன்னு நாம ஓவரா உரிமை கொண்டாட முடியாது. ஆனா நம்ம கதைக்கு அவர் வேற காரணத்துக்காகத் தேவைப்படுறார்.

1928 பிப்ரவரி 28, கல்கத்தா. ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் ஒளிச் சிதறலைப் பற்றிய தங்கள் கண்டுபிடிப்புக்கு வந்து சேர்ந்த நாள். 1930-ல நோபல் பரிசு. அதுக்கு அவங்க பயன்படுத்தினது என்ன? சூரிய வெளிச்சம், லென்ஸ், வண்ணக் கண்ணாடிகள், பின்னாடி ஒரு பாதரச விளக்கு, ஒரு நிறமாலைக் கருவி. அந்த ஆய்வுக்குத் தேவையான எல்லாமே அந்த அறைக்குள்ளயே இருந்தது. வெளியில யாரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கலை. இதை மனசுல வச்சுக்கோங்க, அடுத்து வர்ற கதைக்கு இது முக்கியம்.

போற போக்குல இன்னொன்று. இன்னைக்கு உலகத்துல எந்த ஆய்வகத்துக்குப் போனாலும், ராமன் நிறமாலைக் கருவி சரியா இருக்கான்னு பார்க்க ஒரு சின்ன சிலிக்கான் துண்டைத்தான் வைப்பாங்க. சிலிக்கான் கொடுக்கிற கோடு அவ்வளவு தெளிவா, எப்பவும் ஒரே இடத்துல விழும். சிப் தயாரிக்கிற இடங்கள்ல சிலிக்கானுக்குள்ள எவ்வளவு இறுக்கம் இருக்குன்னு பார்க்கவும் ராமன் விளைவுதான் உதவுது. திருவானைக்காவல்காரருக்கும் சிலிக்கானுக்கும் அப்படி ஒரு உறவு.

தட்டு கிடைக்காத இருவர்

ராமனின் கண்டுபிடிப்புக்குப் பத்து வருஷம் கழிச்சு, அதே கல்கத்தா. போஸ் இன்ஸ்டிடியூட்ல தேபேந்திர மோகன் போஸ், அவரோட பிபா சௌத்ரி என்கிற இளம் பெண். பிபா 1913-ல பிறந்தவர். இந்தியாவில் துகள் இயற்பியலுக்கு வந்த முதல் பெண்கள்ல ஒருத்தர்.

இவங்க செய்தது என்னன்னா, போட்டோ தட்டுகளை டார்ஜிலிங், சந்தக்பூ மாதிரி உயரமான மலைகள்ல மாதக்கணக்கில் வச்சுட்டு வந்தாங்க. வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள் தட்டுக்குள்ள புகுந்து போகும். தட்டைக் கழுவி மைக்ராஸ்கோப்ல பார்த்தா, துகள் போன பாதை கருப்புப் புள்ளிகளா வரிசையா நிக்கும். புள்ளிகளோட நெருக்கத்தையும் பாதை எப்படி வளையுதுன்னும் பார்த்து, துகளோட நிறையை மதிப்பிடலாம்.

எலக்ட்ரானை விட ஏறக்குறைய 200 மடங்கு நிறை உள்ள ஒரு துகள் அங்கே தெரிஞ்சது. 1940-களின் தொடக்கத்துல 'நேச்சர்' இதழ்ல தொடர்ந்து கட்டுரைகள் வந்துச்சு.

ஆனா மேல போக முடியலை. காரணம் மூளை இல்லை, உழைப்பும் இல்லை. தட்டு. அவங்க கையில இருந்தது இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் கம்பெனியின் 'ஹாஃப்-டோன்' தட்டுகள். துல்லியமான அளவுக்கு அதைவிட நல்ல 'ஃபுல்-டோன்' தட்டுகள் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நேரம். அந்தத் தட்டுகள் இந்தியாவுக்கு வரவே இல்லை.

போர் முடிஞ்சது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல செசில் பவலின் குழு, இல்ஃபோர்ட் புதுசாத் தயாரிச்ச, வெள்ளி உப்பு அதிகம் உள்ள தட்டுகளை மலை உச்சிகள்ல வச்சாங்க. 1947-ல பையான் என்ற துகள் தட்டுக்குள்ளேயே நின்று, மியூவானாக உடைவதைப் பார்த்தாங்க. ஒரு துகளின் பாதை முடியுது, அதே இடத்துல இன்னொன்று தொடங்குது. 1950-ல பவலுக்கு நோபல்.

போஸும் சௌத்ரியும் இந்த முறையை முதல்லயே சொல்லியிருந்தாங்கன்னு பவல் தன் புத்தகத்துல பின்னாடி பதிவு செய்தார். பிபா சௌத்ரி மான்செஸ்டர் போய் டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து டாடா ஆராய்ச்சி நிறுவனத்துல சேர்ந்தார். 1991-ல இறந்தார். 2019-ல ஒரு விண்மீனுக்கு 'பிபா' என்று பெயர் வச்சாங்க.

விண்மீனுக்குப் பெயர் வைக்கிறது நல்ல விஷயம்தான். ஆனா அவருக்கு 1942-ல தேவைப்பட்டது விண்மீன் இல்லை, ஒரு பெட்டித் தட்டு.

சார்ம் வந்தது, தட்டு மாறியது

இப்போ 1974-க்கு வருவோம். அந்த நவம்பர்ல அமெரிக்காவில் இரண்டு ஆய்வகங்கள் ஒரே துகளைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சாங்க. பர்ட்டன் ரிக்டர் ஒரு பக்கம், சாமுவேல் டிங் இன்னொரு பக்கம். அதன் மூலம் 'சார்ம்' என்ற நாலாவது குவார்க் இருக்குன்னு உறுதியாச்சு. சார்ம் குவார்க்கைச் சுமக்கிற டி மீசான்கள் ரொம்பக் குறைஞ்ச நேரம்தான் வாழும். வெளிச்சம் அந்த நேரத்துல கால் மில்லிமீட்டர் அளவுல போகும், சிலதுல அதுவும் இல்லை.

போட்டோ தட்டால இந்தத் தூரத்தைப் பார்க்க முடியும். ஆனா தட்டு ஒரு சோம்பேறி. எது வந்தாலும் பதிவு பண்ணும், எப்ப வந்ததுன்னு சொல்லாது, மைக்ராஸ்கோப்ல கண்ணு வலிக்கத் தேடணும். கோடிக்கணக்கான மோதல்கள்ல ஒன்றிரண்டு சார்ம் துகளைத் தேடணும்னா, மின்சாரத்துல உடனே பதில் சொல்ற தட்டு வேணும்.

பதில் வேற ஒரு தொழில்ல இருந்து வந்துச்சு. சிப் தொழில்.

1959-ல ஃபேர்சைல்ட் கம்பெனியில் ஜீன் ஹோர்னி, 'பிளேனார்' என்ற முறையை உருவாக்கினார். சிலிக்கான் வேஃபர் மேல ஆக்சைடு படலம் வளர்த்து, தேவையான இடத்துல ஜன்னல் திறந்து, உள்ளே வேற அணுக்களைப் புகுத்தறது. இன்னைக்கு இருக்கிற எல்லாச் சிப்புக்கும் அதுதான் மூதாதை. 1980-ல மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் கெம்மர், அதே முறையை டிடெக்டருக்கு ஏத்த மாதிரி மாத்தினார். டிடெக்டருக்கு ரொம்பச் சுத்தமான சிலிக்கான் வேணும், சும்மா இருக்கும்போது மின்சாரம் கசியக் கூடாது. கசிஞ்சா அந்தச் சின்னத் துடிப்பு இரைச்சல்ல முழுகிடும். கெம்மரின் முறை அந்தக் கசிவை அடக்கியது.

செர்ன் ஆய்வகத்துல என்ஏ11 என்ற சோதனை இந்தச் சென்சார்களை எடுத்துக்கிட்டது. 24-க்கு 36 மில்லிமீட்டர். ஒரு தீப்பெட்டி அளவுதான். அதுக்குள்ள 20 மைக்ரான் இடைவெளியில் 1,200 பட்டைகள். துகள் கடந்த இடத்தை ஏறக்குறைய 5 மைக்ரான் துல்லியத்தோட சொன்னது. தலைமுடியைப் பத்தா பிளந்த மாதிரி. ஆனா அந்தச் சின்ன சென்சாரைப் படிக்கத் தேவைப்பட்ட எலக்ட்ரானிக்ஸ், சென்சாரைப் போல 300 மடங்கு பரப்பளவுல விரிஞ்சு கிடந்தது. அப்புறம் அந்த எலக்ட்ரானிக்ஸையும் சிப்புக்குள்ள சுருக்கினாங்க. அதுக்கப்புறம்தான் சிலிக்கான் கொலைடரின் நடுப்பகுதிக்குள்ள நுழைய முடிஞ்சது.

பலன்? அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தின் சிடிஎஃப் சோதனை 1992-ல தன் நடுவுல சிலிக்கானை வச்சது. 1995 மார்ச்ல டாப் குவார்க் அறிவிப்பு. டாப் குவார்க் உடைஞ்சா அதுல பி குவார்க் வரும். பி குவார்க் உள்ள துகள் மையத்துல இருந்து கொஞ்சம் தள்ளிப் போய் உடையும். நாம மதில் உதாரணத்துல பார்த்த அந்தப் 'பத்தடி தள்ளி' விஷயம்தான். அந்தத் தள்ளலைப் பார்த்துச் சொல்ல சிடிஎஃப்புக்கு சிலிக்கான் பெரிய துணையா இருந்தது.

பெங்களூரில் செய்த ஆயிரம்

சரி, இதுல இந்தியா எங்கே?

1991-ல இந்தியாவும் செர்னும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டாங்க. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய கொலைடருக்கு இந்தியா பல பாகங்களைச் செய்து கொடுத்தது. அதோட சிஎம்எஸ் என்ற டிடெக்டருக்கு சிலிக்கான் சென்சார்களையும் செய்து தர்றதா ஒத்துக்கிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் டெல்லி பல்கலைக்கழகமும் பொறுப்பு. தயாரிக்க வேண்டிய இடம் பெங்களூரு, பாரத் எலக்ட்ரானிக்ஸ் லிமிடெட். நம்ம பி.இ.எல். ராணுவத்துக்கு ரேடார், தேர்தலுக்கு வாக்குப்பதிவு எந்திரம் செய்ற அதே நிறுவனம்.

இந்த சென்சார் துகளோட பாதையை அளக்கிற நடுப்பகுதிக்கு இல்லை. 'பிரீஷவர்' என்ற பகுதிக்கு. ஆனா அதோட வேலையும் ஒரு துகள் உடையறதைக் கண்டுபிடிக்கிறதுதான். பை-ஜீரோ என்று ஒரு துகள், பிறந்த இடத்துலயே உடைஞ்சு இரண்டு ஒளித்துகள்களா மாறும். அந்த இரண்டும் ரொம்ப ஒட்டி ஒட்டிப் போறதால, தூரத்துல இருந்து பார்த்தா ஒன்று மாதிரித் தெரியும். இருட்டுல தூரத்துல வர்ற லாரியோட இரண்டு ஹெட்லைட்டும் ஒரே விளக்கா தெரியுமே, அந்த மாதிரி.

ஹிக்ஸ் போசான் உடையும்போது இரண்டு ஒளித்துகள் வரும் என்பது ஒரு முக்கியமான அடையாளம். அதைத் தேடும்போது பை-ஜீரோவின் ஜோடி, ஒற்றை மாதிரி வேஷம் போட்டு ஏமாத்தக் கூடாது. அதுக்குத்தான் பிரீஷவர். ஒரு ஈயத் தகடு, ஒரு சிலிக்கான் அடுக்கு, இன்னொரு ஈயத் தகடு, இன்னொரு சிலிக்கான் அடுக்கு. கிட்டத்துல வச்சுப் பார்த்து, ஒரு விளக்கா இரண்டு விளக்கான்னு சொல்லும்.

ஒவ்வொரு சென்சாரும் 63 மில்லிமீட்டர் சதுரம், 32 பட்டைகள், 320 மைக்ரான் தடிமன். கேட்க எளிசா இருக்கு. செய்றது எளிசு இல்லை. ஏன்னு சொல்றேன்.

ஒரு வேஃபர்ல நூற்றுக்கணக்கான சிப் அச்சிடறீங்க. தூசி விழுந்து நாலு சிப் கெட்டுப்போனா, அந்த நாலையும் தூக்கிப் போட்டுட்டு மீதியை விப்பீங்க. ஆனா இங்கே நாலு அங்குல வேஃபர் முழுக்க ஒரே ஒரு சென்சார். ஒரு தூசி, ஒரு கீறல், மொத்தமும் போச்சு. அதுக்கு மேல நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைத் தாங்கணும். வருஷக்கணக்கா கதிர்வீச்சுல கிடந்தும் வேலை செய்யணும். டிரான்சிஸ்டர் செய்து பழகின ஒரு லைன், இந்த அளவுக்குச் சுத்தத்தைக் கத்துக்க வேண்டியிருந்தது.

கத்துக்கிட்டாங்க. சுமார் ஆயிரம் சென்சார்கள் பெங்களூருல தயாராகி செர்னுக்குப் போச்சு. பிரீஷவர்ல மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சென்சார்கள். அதுல ஏறக்குறைய நாலுல ஒன்று நம்ம ஊர்ச் சரக்கு. 2012 ஜூலை 4-ல ஹிக்ஸ் அறிவிப்பு வந்தபோது டிவியில எல்லாரும் 'கடவுள் துகள்' பற்றிப் பேசினாங்க. பெங்களூரு வேஃபர் பற்றிப் பேசினவங்க ரொம்பக் கம்மி.

ஆனா வரலாற்றுக் கண்ணோட பார்த்தா, அந்த ஆயிரம்தான் பெரிய விஷயம். 1942-ல தட்டுக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாடு, தட்டைச் செய்து கப்பல் அனுப்பற நாடா மாறியிருந்தது.

கை நம்முடையது, தட்டு அவர்களுடையது

கதை இங்கயே முடிஞ்சா சுகமா இருக்கும். முடியலை.

அடுத்த அத்தியாயம் ஜப்பான்ல, சுகுபா நகரத்துல. அங்கே கேஇகே ஆய்வகத்தில் பெல்-2 என்ற சோதனை நடக்குது. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு, பி மீசான்களை ஜோடி ஜோடியா உருவாக்குவாங்க. இரண்டு பக்கமும் ஒரே ஆற்றல் இல்லை. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி. அதனால பிறக்கிற பி மீசான்கள் ஒரே திசையில கொஞ்சம் தள்ளப்பட்டு ஓடும். அந்த ஜோடி உடையற இரண்டு இடங்களுக்கும் நடுவுல சராசரி இடைவெளி 130 மைக்ரான் அளவு. பருபொருளும் எதிர்ப்பொருளும் ஏன் ஒரே மாதிரி நடந்துக்கலை என்ற கேள்விக்கு அந்த 130 மைக்ரான் இடைவெளியிலதான் பதில் தேடுறாங்க. இதுக்கு முந்தைய பெல் சோதனை 2001-ல கண்ட விஷயம், கோபயாஷி, மஸ்காவா இருவருக்கும் 2008-ல நோபல் கிடைக்க வழி செய்தது.

பெல்-2-ன் நடுவுல ஆறு மதில். உள்ளே இரண்டு பிக்சல் அடுக்கு, வெளியே நாலு சிலிக்கான் பட்டை அடுக்கு. அந்த ஆறுல நாலாவது மதிலைக் கட்டினது மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு, ககன் மொஹந்தி தலைமையில. வேலை நடந்தது ஜப்பான்ல, காஷிவா நகரத்தின் காவ்லி ஆய்வு மையத்துல. நம்ம சென்னை ஐஐடியும் பெல்-2-ல இருக்கு.

அந்த வேலை எப்படிப்பட்டதுன்னா, சென்சார்களை வரிசையா ஒட்டி ஏணி மாதிரி செய்யணும். அதுக்குப் பேரே 'லேடர்'. சென்சாருக்கு இரண்டு பக்கமும் பட்டைகள் உண்டு. கீழ்ப்பக்கச் சிக்னலை மேலே கொண்டு வர, மெல்லிய சர்க்யூட் தாளை ஓரத்துல மடிச்சு மேலே ஒட்டுவாங்க. பேரு 'ஓரிகாமி'. காகித மடிப்புக் கலையேதான். அப்புறம் தலைமுடியை விட மெல்லிய அலுமினியக் கம்பிகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றா இணைக்கணும். பசை ஒரு சொட்டு கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு.

இப்படி ஒரு மதிலை முழுசா நம்பி ஒப்படைக்கிறாங்கன்னா, அது சின்ன மரியாதை இல்லை. ஆனா கவனிச்சீங்களா? ஒட்டின கை நம்முடையது. ஒட்டப்பட்ட சிலிக்கான் ஜப்பானின் ஹமாமாட்சு கம்பெனியும், பிரிட்டனின் மைக்ரான் கம்பெனியும் செய்தது.

அடுத்து வர்றதும் அதே மாதிரிதான். சிஎம்எஸ் டிடெக்டரின் இரண்டு முனைகளையும் கழட்டிட்டு, புதுசா ஒன்றை வைக்கப் போறாங்க. 600 சதுர மீட்டர் அளவுக்கு சிலிக்கான். பழைய முனையோட பிரீஷவரும் போகும். அதாவது பெங்களூருல செய்த அந்த ஆயிரமும் தன் வேலையை முடிச்சுட்டு ஓய்வு பெறும். புது சென்சார்களைச் செய்றது ஹமாமாட்சு, எட்டு அங்குல வேஃபர்ல. அவற்றை மாட்யூலா கட்டுற ஆறு மையங்கள்ல ஒன்று மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம்.

இதுல யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லா நாடும் எல்லாத்தையும் செய்ய முடியாது. ஜெர்மனியோ அமெரிக்காவோகூட பெரும்பாலும் ஹமாமாட்சுகிட்டதான் வாங்குது. எட்டு அங்குலத்துல அவ்வளவு சென்சார்களை ஒரே தரத்துல தரக்கூடிய இடம் உலகத்துலயே மிகக் குறைவு. ஆனா ஒரு தடவை கத்துக்கிட்ட வேலை, அடுத்த ஆர்டர் இல்லைன்னா கையை விட்டுப் போயிடும். லைன் இருக்கும், கட்டடம் இருக்கும். எந்த வெப்பத்துல எவ்வளவு நேரம் வச்சா கசிவு குறையும்னு தெரிஞ்ச ஆள் ரிட்டையர் ஆகிப் போயிருப்பார்.

நம்ம பக்கத்துல என்ன இருக்கு?

திருச்சியில இருந்து இரண்டு மணி நேரத்துல மதுரை. அங்கே மினி-ஐகால் என்று ஒரு டிடெக்டர் ஓடிக்கிட்டிருக்கு. 85 டன் இரும்புக் காந்தம், அடுக்கு அடுக்கா. இரும்புக்கு நடுவுல கண்ணாடித் தட்டு டிடெக்டர்கள். வானத்துல இருந்து வர்ற மியூவான்கள் போற பாதையை அது வரையுது. இது சிலிக்கான் இல்லை. கண்ணாடி போதும், ஏன்னா இங்கே தேவை மைக்ரான் இல்லை, சென்டிமீட்டர். ஆனா தத்துவம் அதே மதில் தத்துவம்.

தேனி மாவட்டத்துல வரவேண்டிய நியூட்ரினோ ஆய்வகத்துக்கான முன்மாதிரி அது. 2015-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம், உள்ளூர் மக்களின் எதிர்ப்பு, வழக்குகள் என்று நின்று போச்சு. மலையைக் குடையறதைப் பற்றிய கேள்விகள் நியாயமானவையா என்பது தனி எபிசோட். இன்னைக்கு நாம கவனிக்க வேண்டியது, மதுரையில அந்தத் தட்டுகளோட வேலை செய்து கத்துக்கிட்ட இளைஞர்கள் இருக்காங்க என்பது. பிபா சௌத்ரிக்குக் கிடைக்காதது அவங்களுக்குக் கிடைச்சிருக்கு.

இதைக் கேட்கிற பலர் இன்ஜினியரிங் படிக்கிறீங்கன்னு தெரியும். துகள் இயற்பியல்னா கரும்பலகை முழுக்கக் கணக்கு எழுதுறவங்க வேலைன்னு நினைப்பு நமக்கு உண்டு. ஆனா இன்னைக்குப் பார்த்த கதையில திருப்பம் வந்த இடங்களை எல்லாம் எண்ணிப் பாருங்க. ஒரு போட்டோ கம்பெனியின் எமல்ஷன். ஒரு சிப் கம்பெனியின் பிளேனார் முறை. கசிவை அடக்கின ஒரு மியூனிக் ஆசாமி. எலக்ட்ரானிக்ஸைச் சுருக்கின சிப். பெங்களூரு லைன்ல தூசி இல்லாம வேலை பார்த்தவங்க. பசை சொட்டை அளந்து வச்சவங்க. இவங்கள்ல பலர் பேர் எந்தப் பரிசுப் பட்டியல்லயும் இல்லை. ஆனா இவங்க இல்லாம அந்த அரை மில்லிமீட்டரை யாரும் அளந்திருக்க முடியாது.

அதனால அடுத்த தடவை 'புதிய துகள் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தா, யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேளுங்க, தப்பில்லை. கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்க. தட்டு யார் செய்தது?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.